பிள்ளைக்காம்பராவில் நடந்த ரெஸ்லிங்

ஸ்பிரிங்வெளி மேல் டிவிசனில் எந்தப் பிள்ளை விடிந்த பிறகும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாலும், தாய்க்காரி வாயிலிருந்து வருவது ஒரே சத்தம்தான்: "எழும்புடா ராசா, பெரட்டுக்கு நேரமாச்சு!" காலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற அந்தப் பெரட்டுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் தூங்கி விழுகிறவனுக்கும் அதுதான். கேரம் ஆட்டத்தில் தோற்றுப்போய்க் குந்தியிருக்கிறவனுக்கும் அதுதான். நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவனைப் பார்க்கப் போனாலும் அதுதான். சொன்ன கையோடு, "நம்ம புவனேந்திரன் அண்ணன் ரெஸ்லிங்ல சொன்னது" என்று ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும்.

அந்தப் புவனேந்திரன் அண்ணனுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வராது, வயிறுதான் எரியும். இருபத்தெட்டு வருசமாக எரிகிறது. ஏனென்றால் அதைச் சொன்னது அவன் இல்லை.

இப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கம் வேலை. இரவும் பகலும் தேயிலைத் தூசியைத் தின்று தின்று தொண்டை போய்விட்டது. இப்போது அவன் பேசினால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அந்தத் தொண்டைக்காக மடுல்சீமையிலிருந்தெல்லாம் ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் இப்போதைய பொடிசுகள் நம்பாது.

பெண்சாதி விஜயலெட்சுமி மலையில் கொழுந்து எடுக்கிறாள். நல்ல மனுசி, ஆனால் ஒரு விசித்திரமான பழக்கம் அவளுக்கு. அவன் எங்கே போய் எப்போது வாசலில் காலை வைத்தாலும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். ஸ்டோரிலிருந்து வந்தால் கேட்கலாம், சரி. பீலிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாலும் கேட்பாள்.

"இப்பத்தானே புள்ள உன் கையால தின்னுட்டுப் போனேன்?" என்று எரிந்து விழுவான்.

"இருந்தாலும் கேக்கணும்ல" என்பாள். அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடையாது. கிறுக்கச்சி என்று நினைத்துக்கொண்டு வாளியை இறக்கி வைப்பான்.

ரெஸ்லிங் கதைக்கு வருவோம். நம்ம இலங்கை ஆட்கள் கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் ஜெயித்த வருசம், தீபாவளிக்கு அடுத்த நாள் பகல். லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டு வராத காலம். பதுளை பஸார் வீதியில் வீடியோக் கடை வைத்திருந்த ஸமீம் நானா, ஒரு டிவி, ஒரு வீடியோ டெக், ஒரு ஜெனரேட்டர், ஒரு குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அமெரிக்காவில் எங்கேயோ நடந்த பெரிய ரெஸ்லிங் ஷோ, மூன்று மணித்தியால கேசட். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராதான் தியேட்டர். தொட்டில்களைக் கழற்றி மூலையில் சேர்த்து, ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி இருட்டாக்கினார்கள். ஆம்பிளைகள் உள்ளே ஒருத்தர் மடியில் ஒருத்தராகக் குந்தினார்கள். பொம்பிளைகளுக்கு இடமில்லை. அவர்கள் பின்பக்கத்துக் கல்படியில் உட்கார்ந்து, கொய்யா மரத்தில் கட்டின ஸ்பீக்கரில் கேட்க வேண்டியதுதான். ரெஸ்லிங்கைக் காதால் பார்த்த ஒரே சாதி சனம் உலகத்தில் எங்கள் பொம்பிளைகளாகத்தான் இருக்கும்.

காதுக்குக் கேட்க ஏதாவது வேண்டுமே! அதற்குத்தான் புவனேந்திரன். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிற அறையில், கோப்பை நீட்டுகிற சின்ன ஜன்னல் வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டு, மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லுவான். பதுளையில் போய்ப் படித்தவன் என்பதால் அவனுக்கு இங்கிலீசு தெரியும் என்று தோட்டமே நம்பியது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீசு மருந்துப் போத்தல் லேபிளோடு சரி. அதனால் என்ன? கதையை அவனே கட்டினான். வெள்ளைக் கோட்டும் கைத்தடியுமாக வந்த நெட்டையனுக்குத் 'தொரை' என்று பேர் வைத்தான். அவன் பின்னாலேயே கத்திக்கொண்டு திரிந்தவன் 'கங்காணி'. நீளமுடிக்காரன் 'ராசா'. ராசாவின் தங்கச்சி சம்பளத்தைத் தொரை பிடித்து வைத்துவிட்டான், அதுதான் சண்டை! உள்ளே ஆம்பிளைகள் பல்லைக் கடித்தார்கள். வெளியே பொம்பிளைகள் தொரையின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். தூங்குகிற ஆளையும் எழுப்பிக் குந்த வைக்கிற தொண்டை அப்போது அவனுக்கு.

மூன்றாவது ஆட்டத்தில் 'பீப்பா' என்று ஒரு குண்டன் வந்தான். ஆறே நிமிசத்தில் அடிவாங்கி உருண்டான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புவனேந்திரனுக்கு என்னவோ அன்றைக்கு அந்த மனுசனைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. வாய்க்கு வந்ததை ரெண்டு வார்த்தை பேசி ஒப்பேற்றிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவினான். என்ன பேசினான் என்று பிறகு அவனுக்கே ஞாபகமில்லை. தாய் செத்து மூன்று வருசம், அண்ணன் வீட்டு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளின நேரம் அது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற மனநிலையா அவனுக்கு?

கடைசி ஆட்டம்தான் தொரைக்கும் ராசாவுக்கும். அந்த நேரம் பார்த்துப் பாவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை. "ஒரு நிமிசம் பிடிடா" என்று பக்கத்தில் நின்ற பொன்னையாவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, சூடாக ஒரு பிளேன்டீ குடிக்கப் பின்பக்கம் போனான். பொன்னையா கூடப் படித்த கூட்டாளி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நெளிகிறவன். அவன் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறான் என்றுதான் கொடுத்தான்.

தொரை கைத்தடியால் போட்ட போட்டில் ராசா மல்லாக்க விழுந்தான். ரெப்ரி தரையில் அடித்து எண்ணுகிறான். ஒன்று... ரெண்டு... அந்த நெளிகிற பொன்னையா, மைக்கை வாய்க்குள் விடாத குறையாகக் கத்தினான்: "எழும்புடா ராசா, பெரட்டுக்கு நேரமாச்சு!"

ராசா எழும்பினான்!

பிள்ளைக்காம்பராவின் கூரைத் தகரம் அதிர்ந்தது என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. உள்ளே ஆம்பிளைகள் எழும்பி நின்று அதையே கத்தினார்கள். படியில் பொம்பிளைகள் கத்தினார்கள். ராசா விழ விழ அதையே சொன்னார்கள், அவனும் எழும்ப எழும்பத் தொரையைத் தூக்கித் தூக்கிப் போட்டான். கொய்யா மரத்தடியில் கையில் பிளேன்டீயோடு நின்ற புவனேந்திரன் ஓடிப்போய் மைக்கைக் கேட்டான். யார் விட்டார்கள்? "அவன் சொல்லட்டும்டா, நீ கெட" என்று யாரோ அவன் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். ரெண்டரை மணித்தியாலம் தொண்டை கிழியப் பேசினவன் அவன். இருபது நிமிசம் பேசினவன் பேரைத் தட்டிக்கொண்டு போனான். அந்த நிமிசம் உள்ளே பற்றினதுதான், இன்னும் அணையவில்லை.

அடுத்த மாசமே பொன்னையா கொழும்புப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் போனான், அந்த வார்த்தை இங்கேயே நின்றுவிட்டது. ரெஸ்லிங் என்றாலே புவனேந்திரன்தானே? அதையும் அவன் சொன்னதாகவே பேச்சாகிப் போனது. "நல்லாச் சொன்னீங்கண்ணே!" என்று அன்றைக்கு வராத பொடியன்கள் முதுகில் தட்டினார்கள். முதல் தடவை மறுக்கலாம் என்று வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

வருசம் திரும்புவதற்குள் விஜயலெட்சுமியைக் கட்டினான். கட்டின மூன்றாம் நாள், அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "அன்னைக்குப் பிள்ளைக்காம்பராவுல நீங்க பேசினதக் கேட்டுத்தான் எனக்கு உங்க மேல ஒரு இது வந்துச்சு."

எதைக் கேட்டு என்று அவன் கேட்கவில்லை. கேட்பானேன்? தோட்டமே ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிகிறது, அவளுக்கு மட்டும் வேறு எது காதில் விழுந்திருக்கும்? ஆக, பொன்னையாவின் வாய்க்குத்தான் அவள் மயங்கியிருக்கிறாள், பாயில் பக்கத்தில் படுத்திருப்பது தப்பான ஆள். மகள் சுதர்ஷினி பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயதானதும், அவளையும் ஒவ்வொரு நாள் காலையும் "எழும்புடா ராசா" என்றே விஜயலெட்சுமி எழுப்பினாள். பொம்பிளைப் பிள்ளைக்கு என்னடி ராசா என்று சத்தம் போட்டுப் பார்த்தான். அவள் கேட்டால்தானே! மகள் இப்போது தெமோதரையில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள், ஆனால் அத்தனை வருசம் அந்த மனுசன் வீட்டில் விடிந்த முதல் சத்தம் பொன்னையாவின் சத்தம்தான்.

இந்த வருசம் கோயில் தேருக்குப் பொன்னையா ஊருக்கு வந்தான். நல்ல தொப்பை, இஸ்திரி போட்ட சட்டை, பாழாய்ப் போன தொண்டை மட்டும் அப்படியே கணீரென்று இருந்தது. வாசல் இஸ்தோப்பில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "என்னடா மச்சான், தொண்டையை யார்கிட்ட அடகு வச்ச?" என்று சிரித்தான்.

விஜயலெட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். "வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?"

சும்மா ஒரு மரியாதைக் கேள்விதான். வந்த ஆளிடம் யாரும் கேட்பதுதான். ஆனால் புவனேந்திரனுக்குச் சுருக்கென்றது. தினமும் பத்துத் தரம் கேட்டு அவன் எரிந்து விழுகிற அதே கேள்வி, இன்னொருத்தனுக்குப் போனதும் தன் தட்டிலிருந்து அள்ளிக் கொடுத்த மாதிரி இருந்தது. பற்றாக்குறைக்கு ரோட்டில் போன யாரோ, தூங்கிக் கிடந்த நாயைப் பார்த்து, "எழும்புடா ராசா!" என்று கத்திக்கொண்டு போனார்கள். பொன்னையா புவனேந்திரனைப் பார்த்தான், சிரித்தான், ஒன்றும் சொல்லவில்லை. 'அது நான் சொன்னதுடா' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய மனுசன் மாதிரி விட்டுக்கொடுக்கிறானாம், நாசமாய்ப் போறவன்!

இந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி அடுத்த நாள் ஸமீம் நானா போன் எடுத்தார்.

"புவனம், கடையக் காலி பண்றேன். பழைய பெட்டிக்குள்ள என்ன அம்புட்டிச்சு தெரியுமா? ஒங்கட ரெஸ்லிங்! அன்னைக்கி ஸ்பீக்கர்ல போன சத்தத்த நான் டேப்ல புடிச்சு வெச்சேனே. மூணாவது ஆட்டத்துலருந்து கடசி வரைக்கும் ஈக்கி. தேருக்குக் கோயில் ஸ்பீக்கர்ல போட்டா எப்புடி ஈக்கும்!"

கேசட்டைப் போட்டால் கடைசி ஆட்டத்தில் யார் குரல் என்று குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். பொன்னையா பக்கத்திலேயே நிற்பான். விஜயலெட்சுமி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஸமீம் நானா கேசட்டைத் துடைத்து, முத்தமிடாத குறையாகக் கையில் கொடுத்தார். "நல்ல நேரம் வந்தீங்க. வீட்டுத் தங்கச்சியும் ரெண்டு வருசமாக் கேக்குறாங்க. டவுனுக்கு வந்தாப் போதும், கடைக்குள்ள எட்டிப் பாத்து, அந்தக் கேசட் அம்புட்டிச்சா நானான்னுதான் கேப்பாங்க."

"யாரு, விஜியா?"

"வேற யாரு? ஒருக்காக் கேட்டாப் போதும் நானா, பொறகு தந்துடுறேன்னு செல்றாங்க."

பஸ்ஸில் வரும்போது கேசட் சட்டைப்பையில் கிடந்து நெஞ்சைச் சுட்டது. ரெண்டு வருசம்! அவனுக்குத் தெரியாமல், ஒரு ஆம்பிளையின் குரலைக் கேட்க ஆசைப்பட்டுக் கடைவாசலில் நின்றிருக்கிறாள். ஆளைக்கூட அல்ல, குரலை. ஆளாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். குரலை என்ன செய்வது?

என்ன செய்யலாம் என்பது வீட்டுக்குப் பின்னால் போனதும் தெரிந்தது. அவன் கம்பு நட்டுக் கொடி ஏற்றியிருந்த போஞ்சித் தோட்டத்தில் கிளி வந்து பிஞ்சைக் கொத்துகிறது என்று ஒரு வாரமாகத் தொல்லை. லயத்தில் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? பழைய கேசட் நாடாவை உருவிப் போஞ்சிக் கம்புகளில் கட்டுகிறார்கள். காற்றடித்தால் மினுமினுத்துக்கொண்டு ஹூம் என்று சத்தம் போடும், பறவை கிட்ட வராது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தான். ஒரு தடவை போட்டுக் கேட்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. நாடாவை உருவினான், முழம் முழமாக அறுத்தான், நாற்பது கம்புகளிலும் இழுத்துக் கட்டினான். வெறும் கூட்டைக் காலால் மிதித்து நொறுக்கினான். காற்று வந்தது, நாற்பது துண்டும் சேர்ந்து இரைந்தன. இப்போது கத்துடா ராசா, கத்து என்று சொல்லிக்கொண்டான். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நாலரை மணி வரைக்கும்தான்.

விஜயலெட்சுமி மலையிலிருந்து வந்தாள். வாசலுக்கு வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. கொழுந்துக் கூடை முதுகில், அடுத்த காம்பராவில் குடியிருக்கிற ரெங்கம்மாவின் பழைய டேப் ரெக்கோடர் இடுப்பில். "சாப்பிட்டீங்களா? ஸமீம் நானா போன் பண்ணினாரு. கேசட்ட நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்கன்னாரு. எனக்காகத்தானே போனீங்க? குடுங்க, குடுங்க."

அவள் உள்ளே தேடினாள், சட்டைப்பையைப் பார்த்தாள், பின்பக்கம் வந்தாள். போஞ்சித் தோட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என்னங்க இது?"

இனிமேல் ஒளித்து என்ன செய்ய? உடைத்தே சொன்னான். "அதுல இருக்கிறது என் குரல் இல்ல விஜி. நீ ஆசைப்பட்டியே, அந்த 'எழும்புடா ராசா', அது பொன்னையா சொன்னது. நான் தொண்டை கட்டிப்போய் பிளேன்டீ குடிக்கப் போயிட்டேன். இத்தன வருசமா என் பேருல ஓடுது. எனக்குப் பொறாமை புள்ள. தாங்க முடியல."

"அது தெரியுமே" என்றாள் அவள்.

"தெரியுமா?"

"நாங்க எல்லாம் படியில உக்காந்திருக்கோம். எங்களுக்கு முன்னாலயே கொய்யா மரத்தடியில நின்னு நீங்க பிளேன்டீய ஊதி ஊதிக் குடிக்கிறீங்க. ஸ்பீக்கர்ல சத்தம் வருது. எங்களுக்கென்ன கண்ணு பொட்டையா? லயத்துல பெரியாளுங்க எல்லாருக்கும் தெரியும்."

அந்த மரமண்டைக்கு இருபத்தெட்டு வருசத்தில் ஒரு நாள்கூட இது தோன்றவில்லை. "அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? வாய்க்கு நல்லா இருக்கு, சொல்றாங்க. யாரு சொன்னா என்ன?"

"அப்ப நீ... எதக் கேட்டு என் மேல...?"

விஜயலெட்சுமி கூடையை முதுகிலிருந்து இறக்கவில்லை. கட்டின கயிறு நெற்றியில் பதிந்திருந்தது. "மூணாவது ஆட்டம். அந்தக் குண்டன் அடிவாங்கி விழுந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சொன்னீங்க, 'சிரிக்காதீங்க. இந்த மனுசன் இப்ப வீட்டுக்குப் போவான். அடுப்பு அணைஞ்சு கெடக்கும். சாப்பிட்டியான்னு கேக்க ஒரு ஆளு இருக்காது'ன்னு. சொல்றப்ப உங்களுக்குத் தொண்டை அடைச்சிச்சு. அது குண்டனப் பத்தின பேச்சு இல்லன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிச்சு. சரி, இந்த ஆளுக்கு நான் கேக்குறேன்னு அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன்."

அவன் போஞ்சிக் கம்புகளைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்பத்தான் உங்க தொண்டை போயிருச்சே" என்றாள். "அந்தக் குரல ஒரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு."

கீழே பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. நாற்பது கம்புகளும் இரைந்தன. அவள் டேப் ரெக்கோடரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போஞ்சிப் பாத்திக்குள் இறங்கினாள். முதல் கம்பில் படபடத்த நாடாவை ரெண்டு விரலால் பிடித்து நிறுத்தினாள். பிறகு அடுத்த கம்புக்குப் போனாள். அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"மூணாவது ஆட்டம் எந்தக் கம்புலங்க இருக்கு?"